வலி பக்கத்து வீட்டில்

டாங்கா துறைமுகத்திலிருந்து உள்ளே தள்ளி, பெயருக்குப் பதில் எண் போட்ட தெருக்கள் வரிசையாக ஓடும் ங்கமியானியில், பதினான்காம் தெருவில் இருந்தவள் சக்கினா. பதினாறு வயதில் கற்றாழை நார் ஆலைக்கு வேலைக்குப் போனாள். இயந்திரங்கள் ஓடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. சக்கினா பாடினால் மட்டும் கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். கேட்ட மேஸ்திரி திட்ட வந்து, நின்று கேட்டுவிட்டு, திட்டாமல் திரும்பிப் போனார் என்று ஆலைப் பெண்கள் சொல்லுவார்கள்.

அந்தக் குரலைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் பகாரி மாஸ்டர் அவளைத் தன் ‘மவிம்பி’ குழுவுக்கு அழைத்தார். கல்யாண வீடுகளில், பெண்கள் மட்டும் கூடும் பிற்பகல்களில் தாராப் என்கிற கடற்கரைப் பாட்டுகளைப் பாடுகிற குழு அது. மாஸ்டர் ஆர்கன் வாசிப்பார், இரண்டு பேர் தாளம், நான்கு பெண்கள் பின்பாட்டு, நடுவில் சக்கினா. பதினெட்டு வருஷம் அந்த நடு இடம் அவளுடையதாகவே இருந்தது. பிரிந்து போன காதலன், பதில் வராத கடிதம், திரும்பி வராத படகு, இவைதான் அவள் பாட்டுகள். ஒவ்வொன்றும் கால் மணி நேரம் போகும். நாலாவது அடியில் பெண்கள் மேலே சுற்றிய கங்காத் துணியின் நுனியால் கண்ணைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். அதைப் பார்த்தால்தான் சக்கினாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

அவளிடம் ஒரு குறை இருந்தது. இன்னொருவரைப் பாராட்டுவதைக் கேட்க அவளால் முடியாது. ஆர்கன் இன்றைக்கு அருமை என்று யாராவது மாஸ்டரிடம் சொன்னால் அவளுக்கு உடனே தாகம் எடுக்கும். தங்கைக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது பார்க்கப் போனவள், “ஒண்ணு போதாதா உனக்கு?” என்று கேட்டுவிட்டு வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவள் கணவன் ரஜாபு அதிகம் பேசாத மனிதன். அவனுக்கு மட்டும் இது நன்றாகத் தெரியும். தெருவில் யாருக்காவது நல்லது நடந்தால் அந்தச் செய்தியைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் வீட்டில் சொல்லுவான்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது நடக்கும்போது, பக்கத்து வீட்டுக்குக் கிபிபி குடிவந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கிபிபி பங்கானி ஊர்க்காரி. கணவனை விட்டுவிட்டு, ஒரு இரும்புச் சட்டியும் இரண்டு மூட்டைத் துணியுமாக வந்தவள். மாலையில் வாசலில் மீன் பொரித்து விற்றாள். மீனை விட அவள் பேச்சுக்குத்தான் கூட்டம். அவள் குரலோ துருப்பிடித்த கிணற்று உருளை மாதிரி கிறீச்சிடும். அதனால் சக்கினா அவளைப் பற்றி முதல் ஆறு மாதம் கவலையே படவில்லை.

ஏழாவது மாதம் பன்னிரண்டாம் தெருவில் ஒரு கல்யாணம். சக்கினா இரண்டு பாட்டுப் பாடி முடித்திருந்தாள். மூன்றாவதற்கு முன்னால் ஆர்கன் ஒயர் அறுந்துவிட்டது. மாஸ்டர் குனிந்து அதைச் சரி செய்துகொண்டிருக்க, விருந்துக்கு வந்திருந்த கிபிபி எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள்.

“ஒயரு சரியாகிற வரைக்கும் என் பழைய புருஷனப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்றேன்,” என்றாள். சொல்லவில்லை, பாடினாள்.

*என் புருஷன் கொறட்ட விட்டா
கப்பல் வந்ததுன்னு கொடி ஏத்துவாங்க!
கொஞ்சம் மூச்ச நிறுத்திட்டா
கப்பல் கவுந்ததுன்னு அழுவாங்க!*

துறைமுகத்து ஊரில் இந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை. பெண்கள் பாயில் புரண்டார்கள். மணப்பெண்ணின் அத்தை மூச்சு வாங்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பாட்டு வந்தால் பெண்கள் இடுப்பில் கங்காவை இறுக்கிக்கொண்டு, ஆடியபடியே வரிசையில் வந்து, பாடுகிறவள் கையில் பணத்தைத் திணிப்பார்கள். அன்றைக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

ஒயர் சரியானது. சக்கினா தன் கடிதப் பாட்டைத் தொடங்கினாள். நாலாவது அடி வந்தது. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியின் காதில் குறட்டை விட்டுக் காட்டினாள். ஆறாவது அடியில் யாரோ சத்தமாகவே, “அந்தக் கொறட்டப் பாட்டு இன்னொரு தடவ!” என்றார்கள்.

மறுநாள் காலை சக்கினாவுக்கு நெஞ்சை அடைத்தது. ரஜாபு பயந்துபோய் எட்டாம் தெரு மருந்தகத்துக்கு அழைத்துப் போனான். டாக்டர் குழாயை வைத்து முன்னும் பின்னும் கேட்டார்.

“எப்பலேர்ந்து வலி?”

“நேத்து மத்தியானம் மூணு மணியிலேர்ந்து, டாக்டர்.”

“அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“கல்யாண வீட்ல பாட்டுக் கேட்டுட்டிருந்தேன்.”

“யாரு பாட்டு?”

“பக்கத்து வீட்டுக்காரி பாட்டு.”

டாக்டர் குழாயைக் கழற்றி மேஜையில் வைத்தார். நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஏதோ வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொடுத்த நர்ஸை எல்லாரும் ஹிதாயா அம்மா என்பார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதை சக்கினா கவனிக்கவில்லை.

அந்த மாதமே பகாரி மாஸ்டர் கிபிபியைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். “கூட்டம் கேக்குது, நான் என்ன செய்ய?” என்று சக்கினாவிடம் சொன்னபோது அவர் ஆர்கனைத்தான் பார்த்துப் பேசினார். மூன்று வாரம் கழித்து, மாஸ்டர் வீட்டு முற்றத்தில் ஒத்திகை நடந்தபோது கிபிபி ஒரு புதுப் பாட்டு கொண்டுவந்தாள்.

*நான் மீன் பொரிச்சா அவளுக்குத் தும்மல்,
நான் தலை சீவினா அவளுக்குத் தலைவலி,
நான் புதுசு கட்டினா அவளுக்குக் காய்ச்சல்.
டாக்டர் கேட்டாரு: எங்கம்மா வலி?
பக்கத்து வீட்டுல, டாக்டர்!
பக்கத்து வீட்டுல!*

கடைசி இரண்டு அடியைப் பின்பாட்டுப் பெண்கள் சேர்ந்து பாட வேண்டும். முதல் தடவை அவர்களால் பாடவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. சக்கினாவும் சிரித்துவிட்டாள். எதிர்வீட்டு ஜுவைரியா அடுத்தவர் கோழி எத்தனை குஞ்சு பொரித்தது என்று எண்ணுகிறவள். அவளைத்தான் கிபிபி பிடித்திருக்கிறாள் என்று சக்கினாவுக்குப் பட்டது.

“ஜுவைரியா காதுல விழுந்தா உன்னக் கொன்னுடுவா, பாத்துக்கோ,” என்றாள்.

பின்பாட்டுப் பெண்கள் நால்வரும் தரையைப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு இருமல் வந்து வெகுநேரம் நிற்கவில்லை. கிபிபி மட்டும், “ஆமா சக்கினா, ஜுவைரியாதான்,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

சிரித்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் பாட்டைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் கேட்கக் கேட்க சக்கினாவுக்குச் சாப்பாடு குறைந்தது. சுவருக்கு அப்பால் மீன் வாங்க வருகிறவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டால் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். தானும் சிரிக்க வைக்கலாமே என்று ஒரு பாட்டு கட்டிப் பார்த்தாள். கிபிபியின் குரலைப் பற்றி, பல்லைப் பற்றி, கணவனை விட்டு வந்ததைப் பற்றி எட்டு அடி. ரஜாபுவிடம் பாடிக் காட்டினாள்.

அவன் வெகுநேரம் யோசித்தான். “இதுல எங்க சிரிக்கணும்னு சொல்லு, சிரிச்சுடறேன்,” என்றான்.

அதற்குப் பிறகுதான் தார் எஸ் சலாமிலிருந்து ஒரு கேசட் வியாபாரி ஆள் அனுப்பினார். மவிம்பி குழு வந்து இரண்டு பாட்டு பதிவு செய்ய வேண்டும். கேசட்டின் முன்பக்கம் டாக்டர் பாட்டு, பின்பக்கம் கடிதப் பாட்டு. செய்தி கேட்டு எல்லாரும் குதித்தார்கள். சக்கினாவின் காதில் ‘பின்பக்கம்’ என்ற வார்த்தை மட்டும்தான் விழுந்தது. பதினெட்டு வருஷம் பாடி அவள் பின்பக்கம், பதினெட்டு வாரம் பாடிய மீன்காரி முன்பக்கம்!

வெள்ளிக்கிழமை காலை பஸ் என்று முடிவாகியிருந்தது. புதன்கிழமை மதியம் மாஸ்டர் வந்து, பதிவு ஒரு நாள் முன்னால் வந்துவிட்டது, நாளைக் காலையே கிளம்ப வேண்டும் என்றார்.

“கிபிபி வீட்ல இல்ல. வந்ததும் நீ சொல்லிடு, பக்கத்து வீடுதானே,” என்றார்.

மாலையில் சக்கினா சொல்லத்தான் போனாள். கிபிபியின் வாசல் வரை போனாள். அங்கே சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, மிளகாயும் எலுமிச்சையும் தடவிய மீன் வாசனை வந்தது. துறைமுகத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்று, “எங்கம்மா வலி?” என்று கேட்க, கிபிபி கரண்டியை ஆட்டி ஆட்டிப் பதில் பாடிக்கொண்டிருந்தாள். சக்கினா திரும்பி நடந்தாள். அப்புறம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த அப்புறம் வரவில்லை.

வியாழக்கிழமை பஸ் நிலையத்தில் மாஸ்டர் ஆளை எண்ணிவிட்டு, “கிபிபி எங்க?” என்றார்.

“காய்ச்சலாம். வர முடியலன்னு சொல்லச் சொன்னா.”

சொல்லும்போது அவள் குரல் பிசகவே இல்லை. பஸ் சந்தையைச் சுற்றித் திரும்பும்போது, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே கிபிபி நின்று விலை பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. சக்கினா ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தவள் கொடுத்த மந்தாசிப் பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலேயே தார் நகரம் வரை போனாள்.

வியாபாரி சமாதானம் ஆகவில்லை. டாக்டர் பாட்டு இல்லாமல் கேசட்டே இல்லை என்றார். மாஸ்டர் சக்கினாவைப் பார்த்தார். அவளுக்கு வார்த்தைகள் எல்லாம் தெரியும், நாலு மாதமாக விஷம் குடிக்கிற மாதிரி கேட்டவள் அல்லவா? மைக் முன் நின்று பாடினாள். அழகாகப் பாடினாள், ஒவ்வொரு சுருதியும் மணி மாதிரி விழுந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பதிவுக்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அம்மா, இது செத்த வீட்டுல பாடற பாட்டு மாதிரி இருக்கு. கொஞ்சம் உசிரோட பாடுங்க.”

இரண்டாவது தடவையும் அப்படியே ஆனது. மூன்றாவது தடவை, மேஜையில் கிடந்த அட்டையில் ‘முன்பக்கம்’ என்று எழுதி அதன் கீழே டாக்டர் பாட்டின் பெயர் இருந்ததை அவள் பார்த்தாள். அன்றைக்கு மருந்தகத்தில் இருந்த அதே அடைப்பு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. டாக்டர் கேட்கிற இடம் வந்தபோது அவள் பாடவில்லை, அலறினாள். “பக்கத்து வீட்டுல, டாக்டர்!” நிஜமாகவே வலிக்கிறவள் கத்துகிற கத்தல். பதிவுக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் தலையில் மாட்டியிருந்த ஹெட்போன் கழன்று தரையில் விழுந்தது.

நோன்புப் பெருநாள் முடிந்து பத்து நாளில் அந்தக் கேசட் கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில், பஸ்ஸில், முடி பின்னுகிற வீடுகளில் எங்கும் அந்த அலறல்தான். அட்டையில் சக்கினாவின் படம் போட்டிருந்தார்கள். தெருவில் போனால் துறைமுகத்து ஆட்கள் சைக்கிளை நிறுத்தி, “எங்கம்மா வலி?” என்பார்கள். அவள் சிரித்துக் கையை ஆட்டுவாள்.

ஆனால் ஒருவர்கூடக் கேசட்டைத் திருப்பிப் போடவில்லை. கடிதப் பாட்டு பின்பக்கத்திலேயே கிடந்தது. தன் வாயிலிருந்து வந்த ஒரு பாட்டின் மேல் அவளுக்குத் தன் இன்னொரு பாட்டுக்காகப் பொறாமை வந்தது. இது போதாதென்று கிபிபி ஒன்றுமே கேட்கவில்லை. பஸ்ஸைப் பற்றியும் இல்லை, பாட்டைப் பற்றியும் இல்லை. காலையில் சலாம் சொன்னாள், மாலையில் மீன் பொரித்தாள். திட்டியிருந்தால் சக்கினா பதிலுக்கு நாலு சொல்லித் தீர்த்திருப்பாள்.

முஹேசாவில் ஒரு கல்யாணத்துக்கு மவிம்பி குழுவை அழைத்திருந்தார்கள். கிபிபி மீன் வியாபாரம் இருக்கிறதென்று வரவில்லை. சக்கினா டாக்டர் பாட்டை நான்கு தடவை பாட வேண்டியிருந்தது. முடிந்து பிலாவ் தட்டோடு உட்கார்ந்தபோது, எட்டாம் தெரு நர்ஸ் ஹிதாயா அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மணப்பெண்ணுக்கு உறவாம்.

“உன்ன மாதிரி நெஞ்சுத் துணிச்சல் யாருக்கும் வராது, சக்கினா. தன் கதைய தானே மேடையில நின்னு பாடறதுன்னா சும்மாவா?”

“என் கதையா?”

“பின்ன? அன்னிக்கு டாக்டர் கேட்டாரு, நீ சொன்ன. நான் வெளிய வந்து கிபிபிகிட்ட மீன் வாங்கறப்ப வாய்தவறிச் சொல்லிட்டேன். மூணு வாரத்துல பாட்டாயிருச்சு. நீ கோவிப்பியோன்னு பயந்துட்டேன். நீ என்னடான்னா…” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சக்கினாவின் முகத்தைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஒத்திகை முற்றத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தது, மாஸ்டரின் இருமல், துறைமுகத்து ஆட்களின் சிரிப்பு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாத ஒரே ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவள்தான்.

டாங்காவில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. கிபிபி வாசலில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அது நான்தானா?”

கிபிபி நிமிர்ந்து பார்த்தாள். எது என்று கேட்கவில்லை. “நீதான்.”

“ஊர் சிரிக்கணும்னு என்னை வித்திருக்கே!”

“நான் எங்க வித்தேன்? என்னைப் பஸ்ஸுல ஏத்தாம கொண்டுபோய் வித்தது நீ. சந்தையில தக்காளி வாங்கிட்டு நின்னேன். நீ தலைய உள்ள இழுத்தத என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் சக்கினா உட்கார்ந்தாள். கிபிபி செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

“ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நீ மன்னிப்புக் கேப்ப. அப்புறம் உனக்கு நெஞ்சு லேசாயிடும். நான் எதுக்கு உனக்கு அந்த வேலையச் செய்யணும்?”

“நீயும் என்னைப் பாத்துப் பொறாமப்பட்டதில்லையா? என் குரல…”

“அதச் சொல்லணுமா? சொன்னா இன்னிக்கே நிம்மதியாத் தூங்குவ. சொல்ல மாட்டேன் போ.” கிபிபி கத்தியைத் துடைத்தாள். “வர்ற சனிக்கிழம மகோரோரால கல்யாணம். டாக்டரு நான். நோயாளி நீ. நான் என்ன கேட்டாலும் பதில் சொல்லணும். ஓடினே, அடுத்த பாட்டுல உன் பேரு, தெரு நம்பர் எல்லாம் போட்டுருவேன்.”

சனிக்கிழமை வரை சக்கினா ஆலையில் நூல் இழை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு தடவை திட்டு வாங்கினாள். மகோரோராவில் பந்தல் நிறையப் பெண்கள். ஜுவைரியா முதல் வரிசையில் இருந்தாள். பாட்டு வழக்கம்போலப் போனது. “பக்கத்து வீட்டுல, டாக்டர்!” என்று எல்லாரும் கத்தி முடித்த இடத்தில் பாட்டு முடிய வேண்டும். கிபிபி முடிக்கவில்லை. கிறீச்சுக் குரலில் அதே மெட்டில் கேட்டாள்:

*தார் போற பஸ்ஸு என்னிக்குக் கெளம்பிச்சு?*

மாஸ்டர் ஆர்கனிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சக்கினாவின் முகம் வெந்தது. “வியாழக்கிழம, டாக்டர்,” என்றாள், மெட்டை விடாமல்.

*பக்கத்து வீட்டுக்குச் சேதி சொன்னியா?*

பந்தல் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. பொய் சொல்லலாம். மறந்துபோச்சு என்றால் தீர்ந்தது. எதுவும் யோசிக்காமல் வாயில் வந்ததைப் பாடினாள்:

*வாசல் வரைக்கும் வந்தேன், டாக்டர்!
மீன் வாசன வழிய மறிச்சிருச்சு!
நாக்கு வீட்டுக்கே திரும்பிப் போச்சு!*

முதல் வரிசையில் ஜுவைரியா கையைத் தட்டிக்கொண்டு சாய்ந்தாள், அவளுக்குப் பின்னால் பந்தலே சாய்ந்தது. அந்தச் சிரிப்பு தன்மேல் வந்து மோதுவதை சக்கினா உடம்பில் உணர்ந்தாள். கிபிபி எழுதிக் கொடுத்த வார்த்தைக்கு வந்த சிரிப்பல்ல இது, அவளே சொன்னதற்கு வந்தது. இன்னும் வேண்டும்போல இருந்தது. அதற்குள் கிபிபி, “இந்த நோய்க்கு மருந்து பொரிச்ச மீனு, தினம் ரெண்டு, என் கடையில!” என்று பாடிவிட்டாள். அதற்கு வந்த சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் நீண்டது. எவ்வளவு நீண்டது என்று சக்கினா மனசுக்குள் அளந்தாள்.

அதன்பின் பதினோரு வருஷம் இருவரும் அப்படியே பாடினார்கள். ஒவ்வொரு கல்யாணத்திலும் டாக்டர் புதுசாக ஏதாவது கேட்பாள், நோயாளி நிஜத்தைச் சொல்லுவாள். பகலெல்லாம் ஆலையில் அடுத்த பதிலை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருப்பாள் சக்கினா. மற்றப் பாடகிகள் மேல் இருந்த எரிச்சல், மாஸ்டர் மேல் இருந்த எரிச்சல், தங்கைமேல் இருந்தது, எல்லாவற்றையும் கொண்டுவந்து மைக்கில் கொட்டினாள். குணம் மாறவில்லை. கிபிபிக்குக் கூடுதலாகக் கைதட்டல் விழுந்த நாட்களில் வீட்டுக்கு வந்து ரஜாபுவிடம் சிடுசிடுத்தாள். இருவரும் நெருங்கிய தோழிகள் என்று ஊர் சொன்னது. தோழி என்று ஒருத்தியை இன்னொருத்தி சொல்லி யாரும் கேட்டதில்லை. ரஜாபு நோயில் கிடந்த இரண்டு மாதமும் கிபிபி முற்றத்துச் சுவருக்கு மேலாக மீன் குழம்பு நீட்டினாள். சக்கினா வாங்கிக்கொண்டு, “உப்பு கம்மி” என்றாள். கிபிபி மறுநாளும் நீட்டினாள்.

பங்கானியில் வளர்ந்து மஸ்கட்டில் வேலைக்குப் போயிருந்த மகளோடு இருக்கலாம் என்று கிபிபி அங்கே போனது அதற்கப்புறம். விமானத்துக்குப் போகிற பஸ் அன்று காலை ஆறு மணிக்கு. ஐந்து மணிக்கே சக்கினா போய்க் கதவைத் தட்டி, “எழுந்திரு, அப்புறம் நான் சொல்லலன்னு பாட்டு கட்டுவ,” என்றாள்.

வேறு இரண்டு பேரோடு சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தாள். யாரும் அவளைச் சரியாகக் குத்தவில்லை. மெல்ல விட்டுவிட்டாள். ஆலையிலிருந்தும் ஓய்வு பெற்றாள்.

போன வருஷம் மஸ்கட்டிலிருந்து வந்த ஒருவர் மூலம் கிபிபி ஒரு பாட்டை அனுப்பியிருந்தாள், அங்கே ஏதோ விருந்தில் போனில் பதிவு செய்தது. பெரிய வீட்டில் வேலை செய்யும் ஒருத்தி முதலாளியம்மாவின் குளிர்பதனப் பெட்டியோடு சண்டை போடுவது பற்றிய பாட்டு. பின்னால் முகம் தெரியாத பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். சக்கினா பேத்தியின் போனைக் காதோடு வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

ஜுவைரியா எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரு பாடறது?” என்றாள்.

“யாரோ தொண்டை கட்டினவ. ரெண்டாவது அடி மெட்டுல நிக்கல,” என்றாள் சக்கினா. பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, அதை மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள்.